வாலுக்கு அடியில் வைத்த எடை மெஷின்

வீட்டில் விமானம் கட்டுவோர் சங்கத்து மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. லோவெல் பிராட் அவர்களுக்கு, ஆல்டர் கிரீக் கிழக்குச் சாலை வெர்லின் ஹாகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஆர்டிஸும் கோழிகளும் நலம். விமானம் மட்டும் நலமில்லை. அதைத்தான் தாங்கள் ஊர் முழுக்க அச்சடித்துச் சொல்லிவிட்டீர்களே. அங்கே தாங்களும் திருமதி மார்லிஸும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன், திருமதிக்காகக் கொஞ்சம் கூடுதலாக.

ஜூன் இதழில், பேன்கேக் விருந்துச் செய்திக்குக் கீழே, "வெர்லின் ஹாகனின் விமானம் எடைக் கணக்குப் பிழையால் சோயா வயலில் விழுந்தது" என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே வரியில் இரண்டு தவறு. முதலாவது, நான் விழவில்லை, தரையிறங்கினேன். அதுவும் ஒரே ஓட்டத்தில் மூன்று முறை. நம் சங்கத்தில் அப்படி இறங்கியவர் வேறு யாராவது இருந்தால் அவர் பெயரையும் போடுங்கள். இரண்டாவது, என் கணக்கில் பிழை இல்லை. நாற்பது வருடம் பால் பண்ணையில் மெஷின் பார்த்தவன் நான். கூட்டல் கழித்தல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிழை யாருடையது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், தாங்கள் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

அந்த விமானத்தை நான் பதினோரு வருடமாகக் கட்டுகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். முப்பதுகளில் வந்த வரைபடம், பழைய கார் எஞ்சின், திறந்த இருக்கை இரண்டு: பின்னால் ஓட்டுகிறவன், முன்னால் விருந்தாளி. இறக்கைகளை எங்கள் சாப்பாட்டு அறையில் வைத்துத்தான் விலா விலாவாக ஒட்டினேன். பதினோரு கிறிஸ்துமஸுக்கும் வந்த சனங்கள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், ஆர்டிஸ் ஒரு வார்த்தை சொன்னதில்லை. துணி போர்த்திய பிறகு அதைச் சூடு காட்டி இறுக்க அவளுடைய இஸ்திரிப் பெட்டியைத்தான் எடுத்தேன், அது பசை பிடித்துப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கோயில் சட்டையோடு ஒட்டிக்கொண்டது, அப்போதும் சொன்னதில்லை, சட்டையை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் முன் இருக்கை அவளுக்காகக் கட்டியது. அதில் அவளை உட்கார வைத்து ஜூலை மாதக் கூட்டத்தில், பழைய மாதிரி விமானக்காரர்கள் அத்தனை பேரும் புல்தரையில் நின்று பார்க்க, போய் இறங்க வேண்டும். இந்த ஒரு ஆசைக்காகத்தான் இத்தனை பாடும். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

போன இலையுதிர் காலத்தில் நம் சங்கத்து ஆலோசகர் டுவேன் கோபெக்கி வந்து சோதித்தான். எல்லாம் தட்டிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வெர்லின், வேலை சுத்தம். ஆனா இந்த எஞ்சினுக்கு நீ ஒருத்தனே ரெண்டு ஆள்பா. முப்பது பவுண்டு குறைச்சாத்தான் முன்னாடி ஆர்டிஸ் உக்கார முடியும்."

"அவ உக்கார மாட்டா. அவளுக்குப் பயம்," என்றேன்.

கையில் காபியோடு நின்றிருந்த ஆர்டிஸ், "யாரு சொன்னா? நீங்க முப்பது பவுண்டு குறைங்க, நான் ஏறி உக்கார்றேன்," என்றாள். டுவேன் சிரித்தான். நடக்காத காரியத்தைச் சொல்லித் தப்பிக்கிறாள் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் லோவெல், ஹாகன் வம்சத்தில் யாரும் சவாலை விட்டுக் கொடுத்ததில்லை. அன்றோடு ஆப்பிள் பை பலகாரத்தை விட்டேன், வெண்ணெயை விட்டேன், வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் மீனின் மேல்தோலை உரித்து உன் தட்டில் போட்டேன், நீ இரண்டு பங்காகத் தின்றாய், ஞாபகம் இருக்கிறதா? ஞாயிறுதோறும் எடை மெஷினில் ஏறுவேன். கண்ணாடியையும் கழற்றி வைத்துவிடுவேன், அந்தப் பாரத்தை எதற்குச் சுமப்பானேன். ஆர்டிஸ்தான் குனிந்து படித்துச் சொல்வாள். வாரத்துக்கு வாரம் குறைந்தது. நடுவில் நன்றித் திருநாள் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, மனுஷன்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம், அப்போதும் குறைந்தது! ஈஸ்டருக்கு முப்பது பவுண்டு சுத்தமாகப் போய்விட்டது. கால்சட்டை மட்டும் தளரவில்லை. அந்தத் துணி துவைக்கத் துவைக்கச் சுருங்கும் ரகம் என்று ஆர்டிஸ் சொன்னாள். மன உறுதி என்றால் என்ன என்பதை இளைஞர்கள் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நீ ஒரு கட்டுரையே போட்டிருக்கலாம். போடவில்லை.

சரி, மே மாதம் விமானத்தை எடை போட்டோம். வழக்கம்போல சங்கத்து வீடுகளில் குளியலறை எடை மெஷின்களைத் திரட்டினேன்: எங்களுடையது, பாதிரியாருடையது, டுவேனுடையது, தபால்காரருடையது, உன்னுடையது. ஐந்தும் ஒரே வெள்ளை, ஒரே துரு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பலகை போட்டு இரண்டிரண்டு, வாலுக்கு அடியில் ஒன்று. நான் ஏறி உட்கார்ந்தேன், டுவேன் வாலைத் தூக்கி மெஷின்மேல் வைத்துவிட்டுக் குனிந்து படித்தான். வைக்கிறதுக்கு முன்னால் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தானா? அது அவனுக்குத்தான் வெளிச்சம். நான் கணக்குப் போட்டேன். வால் பாரம் அச்சடித்த மாதிரி சரியாக இருந்தது. டுவேன் கை கொடுத்தான்.

அப்புறம் சங்கத்துப் பேன்கேக் விருந்து நடந்த அந்தச் சனிக்கிழமை. பறக்கப் போவதில்லை, புல்தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும் போகிறேன் என்று ஆர்டிஸிடம் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் போனேன், சத்தியத்தை நான் மீறவில்லை, விமானம்தான் மீறியது. வேகம் எடுத்ததும் வால் எழ வேண்டும், எழவில்லை. மூக்கு எழுந்தது. மூக்கை இறக்க ஓட்டும் ஸ்டிக்கை முன்னால் தள்ளினேன், முழங்கால் வரைக்கும் தள்ளினேன், அது பாட்டுக்கு மேகத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டது. எஞ்சினை அடக்கினேன், பொத்தென்று இறங்கினேன், எகிறினேன், இன்னொரு தரம் இறங்கினேன், எகிறினேன், எதிரே பேன்கேக் மேசை, மார்லிஸ் கரண்டியோடு ஓடினாள், நான் இடது பக்கம் ஒடித்தேன், சிரப் ஜாடிகள் மட்டும் போயின, பேன்கேக் ஒன்றுகூடச் சிந்தவில்லை, அதை எழுத உனக்குக் கை வரவில்லை, நேராகச் சோயா வயல். சக்கரக் கால் ஒன்று மடங்கி, புரொப்பெல்லர் இரண்டாக ஒடிந்து, உடம்பெல்லாம் சிரப்போடு இறங்கினால், முதலில் வந்து சேர்ந்தது நீ, கேமராவோடு. இரண்டாவதாக வந்தது ஆர்டிஸ். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் கை காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனிமேல் முன் இருக்கையில் ஏறவே மாட்டாள் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. எலும்பு முறிந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இப்போது உண்மைக்கு வருகிறேன். நேற்று மெஷின்களைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது ஒன்றில் ஆள் ஏறாமலே முள் பூஜ்யத்துக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. ஐம்பது பவுண்டு கோழித் தீவன மூட்டையை வைத்தேன், இருபது காட்டியது. புரட்டினேன். அடியில் இருக்கிற திருகை எவரோ நன்றாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள், திருகுக்குப் பக்கத்தில் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு. ஆர்டிஸ் ஜென்மத்தில் நகச்சாயம் பூசியதில்லை. பாதிரியார் வீட்டிலும் கிடையாது. இந்த ஊரில் அந்தச் சிவப்பு யாருடைய விரலில் இருக்கிறது, லோவெல்? வாலுக்கு அடியில் இருந்தது உன் வீட்டு மெஷின்! டாக்டரையும் மார்லிஸையும் ஏமாற்ற நீ திருகைத் திருகி வைத்தாய், வாலில் இருந்த முப்பது பவுண்டு கூடுதல் பாரம் அதில் தெரியவில்லை, நான் வானத்தைப் பார்த்தேன். தன்னுடைய தொந்தியின் பாரத்தை நேருக்கு நேர் பார்க்கத் துணிவில்லாதவன் அடுத்தவன் கணக்கைப் பற்றி அச்சுப் போடுவதா? ஜூலை இதழில் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், திருத்தம் வர வேண்டும். மன்னிப்பும். புரொப்பெல்லருக்கு மரம் இழைக்க நீயே வர வேண்டும்.

மற்றபடி தங்கள் பேனாவில் மையும், தங்கள் மக்காச்சோளத்துக்கு மழையும், தங்கள் எடை மெஷினுக்கு நேர்மையும் குறைவில்லாமல் கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் பள்ளித்தோழன்,
வெர்லின் ஹாகன்

பின்குறிப்பு: லோவெல், மேலே உள்ளதை அச்சுக்குக் கொடுத்துவிடாதே. தபால் தலை ஒட்ட வந்த ஆர்டிஸ் நின்றபடியே முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அது மார்லிஸ் மெஷின் இல்லைங்க. நம்மளோடது. பொட்டு வச்சது நான்தான். நகச்சாயம் இதுக்குன்னே வாங்கினேன், திருகு முதல்ல எங்க இருந்துச்சுன்னு மறந்துடக் கூடாதுல்ல."

"நீயா? என்னத்துக்கு?"

"நீங்க பாட்டுக்குக் காஞ்ச செலரிக் கீரைத் தண்டைக் கடிச்சிக்கிட்டு, நன்றித் திருநாள் அன்னிக்கி ஜன்னலைப் பாத்து அழுதீங்களே, அதான். வாராவாரம் கொஞ்சூண்டு திருப்பினேன்."

"பேசாம எண்ணை மாத்திச் சொல்லியிருக்கலாமே!"

"பொய் சொல்ல எனக்கு வராதுங்க. அது காட்டினதைப் படிச்சேன், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் வாலுக்கு அடியில வைப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

என்னைக் கொன்றிருப்பாயே என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தையல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தோல் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள், காதை மூடுகிற பழைய மாதிரி, அவள் தலை அளவுக்கு. நான் முதல் விலாவை ஒட்டிய குளிர்காலத்திலேயே தைத்துவிட்டாளாம். "நீங்க இளைக்கிற வழியைக் காணோம், எனக்கோ வயசாகுது. ஏறி உக்காரணும்னு இருந்துச்சு," என்றாள். பதினோரு வருடமாக அவளுக்குப் பயம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நான் அந்தத் தொப்பியை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டேன்.

ஆகவே திருத்தம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், தொந்தி பற்றிச் சொன்னதை அடித்துவிடு. திங்கள் முதல் தானியக் கிடங்கில் கன்றுக்குட்டி நிறுக்கிற தராசில், எல்லோர் முன்னாலும், நான் ஏற வேண்டும் என்பது ஆர்டிஸின் உத்தரவு. இந்த ஜூலை இல்லை, அடுத்த ஜூலை இரண்டு பேராக வருகிறோம் என்று மட்டும் போடு. மார்லிஸின் மெஷினை நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே ஏறிப் பார்த்தேன். மிகச் சரியாகக் காட்டுகிறது. எவ்வளவு என்று மட்டும் போட வேண்டாம்.