மௌன ஆராதனைத் துறை

உலக இசை வரலாற்றை இனி யாராவது எழுதுவதாக இருந்தால், கள்ளக்குறிச்சியை விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதினால் செல்லாது. பாட்டைத் திருத்த இதுவரை உலகம் கண்ட வழிகள் எல்லாம் பாடுகிறவரைத் திருத்தப் பார்த்துத் தோற்றவை. பாடுகிறவரையே அகற்றிவிட்டுப் பாட்டைத் திருத்தும் வழியைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர்ச் சபை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு யாபேஸைச் சேரும்.

யாபேஸ் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. வார நாட்களில் கல்லூரியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேஜையில் தாளம் போடுவான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் 'ஆராதனை வீரர்'. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொடுவான். கறுப்புக் கட்டைகளோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை, ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. யார் எந்தச் சுருதியில் பாட்டை ஆரம்பித்தாலும், அந்தப் பொத்தானை மேலும் கீழுமாக அழுத்திக்கொண்டே போனால் எங்காவது ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்ததும் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்குவான். பார்க்கிறவர்கள் இவன்தான் பாட்டை ஆரம்பித்தான் என்று நினைப்பார்கள். நாளாவட்டத்தில் அவனும் அப்படியே நினைக்கத் தொடங்கினான்.

பாட்டை எடுத்துக் கொடுத்தது அவனுடைய அம்மா காசியம்மாள். அவளுக்குக் கோலமாவு வியாபாரம். மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். கூவினால் அடுத்த தெருவில் பல் துலக்கிக்கொண்டிருப்பவர் காசை எடுத்துவைப்பார். மற்ற வியாபாரிகள் எல்லாம் பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டுக்கொண்டு போகிற இந்தக் காலத்திலும், "பேட்டரி தீந்தா வியாபாரமும் தீந்துடும்" என்று தன் தொண்டையையே நம்பியவள். மார்கழியில் ஊரில் பாதி வாசல் அவள் மாவில்தான் விடியும். ஞாயிறன்று அதே தொண்டையோடு சபைக்கு வந்து, பாஸ்டர் பாட்டின் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். அவள் எடுத்தால் கரும்பு டிராக்டர் ஓட்டும் சின்னதுரை பிடித்துக்கொள்வார். சின்னதுரை பிடித்தால், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து பின்வரிசையில் தூங்குகிறவர்களும் எழுந்து பிடித்துக்கொள்வார்கள். சுருதி இருந்ததா என்றால், ஆளுக்கொன்று இருந்தது. பாடி முடிக்கிறவரை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் தான் தனியாள் என்ற நினைப்பு வராது. அதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த நிலையில் சபை 'நவீனமயம்' ஆகி, ஆராதனையை யூடியூபில் நேரலையாக விட்டது. படத்தில் தெரிந்தது யாபேஸின் முகம். கேட்டது காசியம்மாளின் குரல். வகுப்புத் தோழன் பகலவன் அதில் ஒரு துண்டை வெட்டித் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டான். பாடம் நடக்கும்போது அது அடித்தது. பேராசிரியர் சாக்பீஸைக் கீழே போட்டார். வகுப்பே யாபேஸைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாடா இது, உங்க சர்ச்சு சைரனா? யாரு மச்சான் அது?" என்றான் பகலவன்.

"தெர்லடா. யாரோ ஒரு அம்மா வரும்."

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் சொன்னதை யாபேஸ் ஒரே தரத்தில் முடித்துக்கொண்டான். கம்ப்யூட்டர் படிக்கிறவன் அல்லவா. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அம்மா போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அந்த உறுத்தலைப் போக்கிக்கொள்ள போனில் ஒரு ஆப்பை இறக்கினான். சுருதி சோதிக்கும் ஆப். சரியாகப் பாடினால் பச்சை எரியும், தப்பினால் சிவப்பு. தானே பாடிப் பார்த்தான். சிவப்பு எரிந்தது. வீட்டில் சிக்னல் சரியில்லை என்று முடிவு செய்தான்.

அதே வாரம் கல்வராயன் மலையில் நடக்கப்போகும் சபைப் பாடல் போட்டிக்கு அழைப்பு வந்தது. பாஸ்டர் தீனதயாளன் அதில் 'கேடயம்' என்ற வார்த்தை வரைக்கும் வாசித்தார். அதற்குமேல் அவர் கண் நகரவில்லை. பக்கத்துச் சபையின் அலமாரியில் போன வருடத்துக் கேடயம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஜெபம் கலைந்துபோகும். உடனே கமிட்டி கூடியது.

யாபேஸ் கொண்டுவந்த போனை மேஜை நடுவில் வைத்து, ஆப்பின் நேர்மை முதலில் சோதிக்கப்பட்டது. பாஸ்டர் ஆரம்ப ஜெபம் செய்தார், சிவப்பு. செயலாளர் தமிழரசன் தொண்டையைக் கனைத்தார், சிவப்பு. மின்விசிறி சிவப்பு. வெளியே மணியடித்துக்கொண்டு போன பஞ்சுமிட்டாய்க்காரரும் சிவப்பு. ஆகவே ஆப்புக்கு ஓரவஞ்சனை கிடையாது என்று ஒருமனதாக ஏற்கப்பட்டது. பிறகு நேரலைப் பதிவை அதற்குப் போட்டுக் காட்டினார்கள். காசியம்மாள் பாட்டை எடுத்த இடத்தில் போன் ஒருமுறை அணைந்து மறுபடி உயிர்பெற்றது.

இந்தக் குரலை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கேடயம் கிடைக்காது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பாடாதே என்று ஒரு விசுவாசியிடம் எப்படிச் சொல்வது? பாஸ்டர் பயந்தார். தமிழரசன் பயப்படவில்லை. அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீக்கினாத்தான் பாஸ்டர் கேள்வி வரும். பதவி உயர்வு குடுத்தா எவனும் கேக்க மாட்டான். எங்க ஆபீஸ்ல வேல செய்யாதவங்களயெல்லாம் அப்படித்தான் மேல ஏத்தி வுட்டோம்" என்றார்.

என்ன பதவி என்ற இடத்தில் கூட்டம் திணறியது. அப்போது யாபேஸ் வாயைத் திறந்தான். 'மௌன ஆராதனைத் துறை' என்று ஒன்றை ஏற்படுத்தலாம், முதல் தலைவியாக அம்மாவைப் போடலாம் என்றான். சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாஸ்டர் அவனைக் கட்டிக்கொண்டார். பெற்ற தாய்க்கு இவ்வளவு மரியாதை செய்கிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் கம்மி என்று தீர்மானத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் காசியம்மாள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். யாபேஸ் விஷயத்தைச் சொன்னான்.

"இன்னாப்பா வேல அது?"

"பாட்டு நடக்கறப்ப ஒதட்ட மட்டும் அசைக்கணும்மா. உள்ளுக்குள்ள பாடிக்கணும். அதான் பெரிய ஊழியம்."

"சத்தம் வரக்கூடாது?"

"வரக்கூடாதும்மா."

அவள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். அப்புறம், "பேட்ஜு குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுப்பார்கள் என்றான். "அப்ப சரிப்பா" என்று மறுபடி சலிக்கத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு அவளுக்குத் தங்க எழுத்தில் பேட்ஜ் குத்தப்பட்டது. துறைத் தலைவி என்பதால் முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. ஆராதனை முடிந்து சபையில் போடும் அன்பின் விருந்தில் முதல் பந்தி, அதுவும் பிரியாணியில் பீஸ் தீராத பந்தி. இதைச் சின்னதுரை கவனித்தார். மறுவாரம் மௌனமாக இருக்கும் தாலந்தைத் தேவன் தனக்கும் கொடுத்திருக்கிறார் என்று பாஸ்டரிடம் தெரிவித்துக்கொண்டார். ஆப்பில் சோதித்தார்கள், சிவப்புதான். பேட்ஜ் கிடைத்தது.

அதன்பிறகு துறை வளர்ந்த வேகம் வேறெந்தத் துறையிலும் காணக் கிடைக்காதது. சோதனைக்கு வருகிறவர்கள் வேண்டுமென்றே கட்டைக் குரலில் கத்தினார்கள். சபையிலேயே நன்றாகப் பாடுகிறவள் என்று பெயரெடுத்த நிர்மலா, இத்தனை வருடமாகத் தன்னைப் பாடவைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்கள், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் தனக்கொரு நியாயமா என்று கண்ணைக் கசக்கினாள். அவளுக்கும் சிவப்பே எரிந்து மானம் காப்பாற்றப்பட்டது. மலைக்குப் போகும் நேரத்தில், மைக் பிடிக்கும் யாபேஸையும் அவன் குழுவில் மூன்று பேரையும் தவிர சபை முழுக்க அதிகாரிகள்.

தமிழரசன் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கையைத் தூக்கினால் எல்லா உதடும் ஒன்றாகத் திறக்கும், இறக்கினால் ஒன்றாக மூடும். ஓர் ஈ பறந்தால் கேட்கும். எதிர் டீக்கடைக்காரர் சர்ச் லீவா என்று விசாரித்துவிட்டுப் போனார். நேரலையில் யாபேஸின் குழுவும் கீபோர்டுக்குள் அடைத்துவைத்த தாளமும் மட்டும் கேட்டன. பகலவன்கூட, "இப்ப நீட்டா இருக்குதுடா" என்றான். யாபேஸ் அந்தப் பாராட்டுக்காகத்தான் இத்தனையும் செய்தான். கிடைத்தபோது அது வாயில் ருசிக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் சைக்கிளைப் பார்த்தான். ஹேண்டில்பாரில் ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. அதிலிருந்து யாரோ முகம் தெரியாத ஒரு பெண், கோலமாவு கோலமாவு என்று ஒரே மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் போனாள். ராத்திரி ஏன் என்று கேட்டான். "தெருவுக்கு ஒரு கொரலு, சபைக்கு ஒரு கொரலுன்னு எங்கிட்ட ரெண்டு இல்லப்பா" என்றாள். தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சொல்லலாமா என்று நினைத்தான். கேடயம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தான்.

போட்டியன்று பேருந்து கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. மற்றச் சபைப் பேருந்துகள் பாடிக்கொண்டே ஏறின. எங்கள் பேருந்து வளைவுக்கு வளைவு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு கண்ணியமாக ஏறியது. ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, அதன்பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

மைதானத்தில் யாபேஸ் கீபோர்டைப் பிரித்து வைத்ததும் நடுவர் வந்தார். தும்பைப்பூ வேட்டி கட்டிய பெரியவர். அழைப்பில் கேடயத்துக்கு அடுத்த வரியில் இருந்ததை அவர் வாயால் சொன்னார். இது சபையார் பாடுகிற போட்டி, கருவி வேண்டாம், மைக் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து வாயால் பாடினால் போதும் என்றார்.

யாபேஸ் கீபோர்டை மறுபடி உறையில் போட்டான். அமுக்கப் பொத்தான் இல்லை. சுருதி கிடைக்குமா என்று போனை எடுத்து ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தான். அவனும் குழுவினரும் நான்கு பேர் நான்கு திசையில் போனார்கள். போனில் சிவப்பு எரிந்தது. ஒரு வரியிலேயே மூச்சு முட்டி நின்றார்கள்.

வழக்கம் மாறாமல் தமிழரசன் கையைத் தூக்கினார். சபை எழுந்து நின்றது. எல்லா உதடுகளும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. முதல் சரணம் முடிந்தது, இரண்டாம் சரணமும் முடிந்தது. இப்படிப்பட்ட ஒழுங்கை அந்த மலை கண்டதில்லை. நடுவர்களில் ஒருவர் காதிலிருந்த மிஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பந்தல்காரரைக் கூப்பிட்டு ஒயரைப் பார்க்கச் சொன்னார். மைக்கே இல்லாத இடத்தில் அவர் பாவம் எந்த ஒயரைப் பார்ப்பார்.

யாபேஸ் முன்வரிசைக்கு ஓடினான். அம்மா எடுத்துக் கொடுத்தால் போதும், எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "யம்மா, எடும்மா. பாடும்மா" என்று கெஞ்சினான். காசியம்மாள் பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். அவன் தமிழரசனைப் பார்த்தான். தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டுமானால் இரண்டு ஞாயிறு சபையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும், மலைமேல் வைத்து அவசரக் கூட்டம் போட விதியில் இடமில்லை என்றார் அவர்.

நடுவர் பெரியவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். காசியம்மாளின் பேட்ஜை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நீங்கதான் தலைவிங்களா? ஏம்மா யாரும் பாடல?"

காசியம்மாள் தமிழரசன் பக்கம் திரும்பி, "பேசலாங்களா?" என்று அனுமதி கேட்டாள். தீர்மானம் பாட்டை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது, பேச்சுக்குத் தடையில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவள் ஓரடி முன்னால் வந்து நின்றாள். அத்தனை வாரம் அடைந்துகிடந்த தொண்டை திறந்தது. மைக் இல்லாமலே பின்னால் மரத்தடியில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.

"எம் புள்ள காலேஜு படிக்குதுங்க. எங்கொரலு அதுக்கு வெக்கமா கீது. கூடப் படிக்கற பையன் கேட்டப்ப, யாரோ ஒரு அம்மான்னு சொல்லியிருக்குது. அந்தப் பையன் வூட்டு வாசலுக்கும் நான்தாங்க மாவு குடுக்கறேன், அவங்கம்மா சொன்னாங்க. பாடாதம்மான்னு நேரா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். பதவின்னு சொல்லிச்சு. பெத்த புள்ள குடுக்குதேன்னு வாங்கி மாட்டிக்கினேன்."

யாபேஸின் கையில் போன் திறந்தபடியே இருந்தது. பாஸ்டருக்கும் நிர்மலாவுக்கும் பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் எரியாத பச்சை அதில் எரிந்துகொண்டிருந்தது. அம்மா பேசி முடித்து உட்காரும்வரை அது ஒரு தடவைகூட மாறவில்லை.