இப்படிக் குடு, காட்றேன்

‘இப்படிக் குடு’ ஆசாமி என்று ஒரு இனம் உண்டு. கேட்டால் உதவுவார், கேட்காவிட்டால் இன்னும் அதிகமாக உதவுவார். உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கற்றுத்தர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், “பயப்படாத, நீயே செய், அப்பத்தான் வரும்” என்று தைரியம் சொல்வார், நீங்கள் விரலை நீட்டுவதற்குள் அவர் கை முந்திக்கொண்டு போய் வேலையை முடித்துவிடும், “பாத்தியா, இவ்ளோதான்” என்று நிமிர்ந்து உட்காருவார். அந்த ‘இவ்வளவு’ எவ்வளவு என்பது மட்டும் உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

சுண்ணாம்புக்குளத்துப் பானுப்ரியாவுக்கு வாய்த்தவர் எதிர்வீட்டுத் தசரதன். ஆரம்பாக்கம் போய் ரயில் பிடித்து, மீஞ்சூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர். வேறு யாரைக் கேட்பாள்? மகளிர் மீனவர் சங்க ஆபீசில் ஒரு வேலை காலி. வெள்ளிக்கிழமை பரீட்சை: ஒரு கடிதத்தை அடித்து, சேமித்து, மூடி, மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். கிடைத்தால், விடியற்காலையில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கும் வேலைக்கு ஒரு கும்பிடு. பழகிக்கொள்ள நாலு நாளைக்கு லேப்டாப்பும் கொடுத்தனுப்பினார்கள். உள்ளே இருந்தது தசரதன் பழகிய விண்டோஸ் இல்லை, லினக்ஸ்.

“எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார் தசரதன்.

இந்த இனத்துக்கு எல்லாம் ஒன்றுதான். திங்கட்கிழமை மாலை, விண்டோஸ்காரர்கள் சாமி கும்பிடுவதுபோல் முதலில் செய்யும் காரியத்தைச் செய்தார். வெற்றுத் திரையில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி ‘ரிஃப்ரெஷ்’ தேடினார். இல்லை. இடது மூலையில் ‘ஸ்டார்ட்’ தேடினார். இல்லை. சி டிரைவ்? அதுவும் இல்லை. சொந்த வீட்டில் சுவிட்சுகளை யாரோ இடம் மாற்றி வைத்ததுபோல் திரை முழுக்கத் தடவினார்.

“இன்னாண்ணா, காணோமா?”

“இதோ கீது, இரும்மா. லோடாவுது.”

எது லோடாகிறது? அரை மணி நேரம் கழித்து மேல்மூலையில் ஒரு பட்டியலைக் கண்டுபிடித்து, “பாத்தியா, இவ்ளோதான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை கடிதம் அடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார், புதன்கிழமை அதை எங்கே போட்டு வைப்பது என்பதையும். பானு கையை நீட்டும்போதெல்லாம், “இப்படிக் குடு, காட்றேன்.” மூன்றே நாளில் லினக்ஸ் அருமையாக வந்துவிட்டது. தசரதனுக்கு. பானு கற்றுக்கொண்டதெல்லாம் அவருடைய வலது மணிக்கட்டில் ஒரு மச்சம் இருக்கிறது என்பதைத்தான்.

வியாழக்கிழமை மதியம் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். திரை அவளைப் பார்த்தது, அவள் திரையைப் பார்த்தாள். ஊறி வெளிறிய விரல் நுனிகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மீதி இருந்தது ஒரே சாயங்காலம்.

ஆறு மணிக்குத் தசரதன் வந்தார். கூடவே அவர் மனைவி பவுனம்மாளும், வேடிக்கை பார்க்க. நாற்காலி இழுபட்டது, கை நீண்டது. பானு மவுஸை உள்ளங்கையால் மூடினாள்.

“அண்ணா, இன்னிக்கி என் பாடு.”

கை அந்தரத்திலேயே நின்றது. பக்கத்து ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊர் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறது; அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று ஒருவர் பாடு என்றால் அங்கே அடுத்தவர் வலை இறங்காது. இறங்கினால் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். கம்பெனிக்குப் போனாலும் தன் பாட்டை விட்டுக்கொடுக்காதவர் தசரதன், பிறத்தியார் பாட்டில் கால் வைத்ததும் இல்லை.

“அதுக்கில்லம்மா, நான் சும்மா…”

“மூணு நாளும் நீதானே வல போட்ட? குந்து கம்முனு” என்றாள் பவுனம்மாள். “கேஸ் அடுப்பு வந்த அன்னிக்கி எனக்குப் பத்த வெக்கச் சொல்லித் தரேன்னு, ஒரு பொட்டி நெருப்புக்குச்சியும் நீயே கீச்சித் தீத்தவன்தானே!”

தசரதன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். நாக்கை எங்கே வைப்பது?

“மேல… மேலம்மா… ஐயோ, அதில்ல…”

“பாட்டுல வாயும் வரக்கூடாதுண்ணா.”

பானு தப்பான இடத்தில் அழுத்தினாள்; அடித்த கடிதம் போயே போய்விட்டது. தசரதன் முனகினார். மறுபடி அடித்தாள். சேமித்தாள். மூடினாள். தேடினாள், கிடைக்கவில்லை, இன்னொரு இடத்தில் தேடினாள், கிடைத்தது. நாலாவது தடவை தேடாமலே கிடைத்தது.

மறுநாள் சங்கத்தில், பரீட்சை வைத்த அதிகாரி அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். பானு நிதானமாகத்தான் செய்தாள். பட்டியலைத் திறந்தாள், ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அதிகாரியின் செருப்பு கிறீச்சிட்டது. குனிந்தார்.

“இன்னாம்மா இவ்ளோ நேரம்? இப்படிக் குடு, காட்றேன்.”

“இருங்க சார்” என்றாள் பானு, மவுஸை மூடிக்கொண்டு. “எனக்கு வரும்.”

வந்தது. வேலையும் வந்தது. தான்தான் சொல்லிக்கொடுத்ததாகத் தசரதன் மீஞ்சூர் ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறார். போகட்டும். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் உங்கள் அம்மா செல்போனில் போட்டோ அனுப்புவது எப்படி என்று கேட்டாரே, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்களே, அந்தப் போட்டோவை அனுப்பியது யார் விரல்?