எதுக்கும் ஒரு துண்டு

பேருந்து வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. துண்டு போட்டவர் முண்டியடித்து ஏறி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, போட்ட துண்டின் மேலேயே உட்கார்ந்துவிடுவார். கணக்கு தீர்ந்தது. நான் சொல்ல வந்த இனம் வேறு. இந்த இனத்தார் துண்டைப் போடுவார்கள், பேருந்தில் ஏறமாட்டார்கள். நின்றுகொண்டே போகிற கூட்டத்துக்கு நடுவில் அந்த இருக்கை ஊர் ஊராகக் காலியாகவே பயணம் செய்யும். யாராவது உட்காரப் போனால், "ஆள் வருது, ஆள் வருது" என்று ஒரு குரல் வரும். எந்த ஆள்? அது அவருக்கே தெரியாது.

இந்த இனத்தில் நான் கண்ட மிகச் சிறந்தவர் எங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கிறார். ஒரு பெரிய நெட்வொர்க் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் தலைமைப் பொறியாளர். என் மனைவியும் அதே அறையில், அவருக்கு அடுத்த மேசை. ஆகவே அவருடைய வீட்டு லட்சணம் தரை வழியாகவும், ஆபீஸ் லட்சணம் சாப்பாட்டு மேசை வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். ஆபீசில் அவருக்குப் பெயர் 'எதுக்கும் சார்'. எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, "எதுக்கும் ஒண்ணு போட்டு வைப்போம், கிடக்கட்டும்."

அவர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஊருக்கு ஊர் கேபிள் போகிறது. நம் பேச்சும் படமும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக அதில் ஓடுகின்றன. முக்கியமான சிலருடைய பொட்டலங்களுக்கு மட்டும் தனிப் பாதை உண்டு. கிளம்பும் இடத்தில் ஒரு பெட்டி பொட்டலத்தின் மேல் லேபிள் ஒட்டும். அடுத்த பெட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காது. லேபிளைப் பார்க்கும், அதைக் கிழித்துவிட்டு வேறொரு லேபிளை ஒட்டும், அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடும். ஆபீஸ்களில் ஃபைல் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்தப் பாதைகளை வகுப்பதும், எந்தப் பாதைக்குக் கேபிளில் எவ்வளவு இடம் என்று ஒதுக்குவதும், ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்றின் வழியாகத் திருப்பிவிடுவதும்தான் எதுக்கும் சாரின் உத்தியோகம். உங்களையும் என்னையும் போன்ற பொதுஜனங்களின் பொட்டலங்களுக்கு ஒதுக்கீடெல்லாம் கிடையாது. கிடைத்த சந்தில் புகுந்து அவை பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒதுக்கீட்டில் ஒரு விஷயம் உண்டு. ஒதுக்கியது ஒதுக்கியதுதான். அதில் ஒரு பொட்டலம்கூட ஓடாவிட்டாலும், அந்த இடத்தைக் காட்டி இன்னொருவர் ஒதுக்கீடு வாங்க முடியாது; ஒதுக்கீடே கேட்காத பொதுஜனப் பொட்டலங்கள் மட்டும் அதில் புகுந்து போகலாம். இப்படி ஒரு வசதியை நம் எதுக்கும் சார் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு வங்கி கொஞ்சம் இடம் கேட்டால் அவர் நாலு மடங்கு கொடுப்பார். எப்போதோ ஒரு மாநாட்டை நேரடியாக ஒளிபரப்பப் போட்ட பாதை, மாநாடு முடிந்து, பந்தல் பிரித்து, பேசியவர்களே பேசியதை மறந்த பிறகும் அப்படியே இருக்கும். மேலிடத்தில் மேலாளர்கள் மாதம் ஒரு முறை முகம் பார்த்துப் பேசுவதற்கென்று ஒரு பாதை. அவர்கள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியே வெகுகாலம் ஆகிறது.

இதோடு விட்டாரா? ஒவ்வொரு பாதைக்கும் தரம் போட வேண்டும். நெருக்கடி வந்தால் கீழ்த்தரத்துப் பாதை எழுந்து மேல்தரத்துக்கு இடம் விட வேண்டும் என்பது ஏற்பாடு. எதுக்கும் சார் எல்லாவற்றுக்கும் முதல் தரம் போட்டுவைத்திருக்கிறார்.

"எல்லாமே முதல் தரம்னா, அவசரத்துக்கு எது சார் எழுந்து வழி விடும்?" என்று என் மனைவி ஒரு நாள் கேட்டிருக்கிறாள்.

"யார் மனசையும் நோகடிக்கக் கூடாது பாரும்மா."

வீட்டுக்கு வாருங்கள். காலையில் குளியலறைக்கு அட்டவணை. அவருக்கென்று ஒதுக்கிய நேரத்தில் அவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். குளியலறைக் கதவு ஆவென்று திறந்து கிடக்கும். தலையில் எண்ணெயோடு மனைவி நிற்பார்.

"நான் போயிட்டு வந்துடட்டுமாங்க?"

"இப்ப என் நேரம் இல்ல? இதோ எழுந்துட்டேன்." எழுந்திருக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய துண்டு ஒன்று அந்த வீட்டில் உண்டு. கடைசி அறை. நல்ல வெளிச்சம், இரண்டு ஜன்னல், காற்று பிய்த்துக்கொண்டு போகும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வந்தால் தங்குவதற்கென்று அதை வைத்திருக்கிறார். கட்டில், உறை பிரிக்காத மெத்தை, தம்பி கால் அளவுக்குச் செருப்பு. தம்பி ஒரு தடவை வரவும் வந்தார். வந்தவர், "உங்களுக்கு எதுக்குண்ணே தொந்தரவு" என்று ஓட்டலில் அறை எடுத்துத் தங்கிவிட்டுப் போனார். சரி, அதோடு முடிந்ததா? "அடுத்த தடவை நம்ம வீட்லதான்" என்று எதுக்கும் சார் ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினார்.

அவர் மனைவி கட்டட வரைபடம் போடுகிறவர். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னால் கொஞ்ச காலமும் வேலை பார்த்தார். பிறகு பிள்ளைகள், பிறகு மாமியாரின் முட்டி வலி, பிறகு பிள்ளைகளின் பரீட்சை. பிள்ளைகள் வளர்ந்து விடுதிக்குப் போனார்கள். மாமியார் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறமும் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டால், "போகலாம். ஆனா திடீர்னு யாருக்காவது நீ தேவைப்பட்டா? எதுக்கும் வீட்ல இருக்கட்டுமே ஒரு ஆளு" என்பார். அந்த அம்மாளின் மேலேயே ஒரு துண்டு! எனக்கு அடிக்கடி பற்றிக்கொண்டு வரும். அடுத்த வீட்டு விவகாரம், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்த அம்மாளே மனு போட்டு, அவரே பரீட்சை எழுதி, வேற்றூரில் ஒரு கட்டடக் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வாங்கினார். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. நேர்காணலும் வீடியோவில்தான். பல வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு கம்பெனி கூப்பிடுவது என்ன சாதாரணமா? இதை விட்டால் இன்னொன்று வருவது சந்தேகம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எதுக்கும் சார் இதில் மட்டும் குறை வைக்கவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "உன் இன்டர்வியூ பொதுஜனத்தோட இடிச்சுக்கிட்டுப் போகறதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று தன் வீட்டு இணைப்புக்கென்றே கட்டுப்பாட்டு அறையில் ஒரு தனிப் பாதை போட்டார். தாராளமாக இடம் ஒதுக்கினார். முதல் தரம், சொல்ல வேண்டுமா? அதோடு ஒரு கட்டளையும் எழுதி வைத்தார்: என் வீட்டுப் பொட்டலங்கள் இந்தப் பாதையில் மட்டும்தான் போக வேண்டும், பொதுவில் கலக்கவே கூடாது.

நேர்காணல் அன்று எனக்கு வார ஓய்வு. என் மகள் கூடத்தில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த அம்மாள் அடுக்களை மூலையில், மாவு டப்பாக்களை நகர்த்திவைத்துவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். கடைசி அறை? அது தம்பியினுடையது அல்லவா?

நேர்காணல் தொடங்கிச் சிறிது நேரத்தில், எங்கேயோ சாலை வெட்டுகிற இயந்திரம் ஒரு கேபிளை இழுத்துப் போட்டுவிட்டது. எப்போதும் நடப்பதுதான். அதற்குத்தான் இன்னொரு கேபிள் இருக்கிறது, அதில் ஏராளமாக இடமும் இருக்கிறது. பொதுஜனப் பொட்டலங்கள் அத்தனையும் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. எதுக்கும் சாரின் வீட்டுப் பாதை மட்டும் அங்கே போய் முறைப்படி நின்று, எனக்கு இவ்வளவு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டது. கணக்கில் இடமில்லை என்று பதில் வந்தது. ஓடாத மாநாடு, பேசாத மேலாளர்கள், நாலு மடங்கு வங்கி என்று கேபிள் முழுக்க அவர் போட்ட துண்டுகள்! தரம் காட்டி எழுப்பலாமென்றால் எல்லாமே முதல் தரம். பொதுவிலாவது கலந்து போகலாமென்றால் அதற்கும் அவரே தடை போட்டிருக்கிறார். தெருவில் எல்லா வீட்டிலும் நெட் ஓடியது. போட்டவர் வீட்டில் மட்டும் போய்விட்டது. அந்த அம்மாள் ஆபீசில் இருந்த கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, படம் அப்படியே நின்னுபோச்சு. அவங்க பேசறது எதுவும் கேக்கல!"

"பதறாதே. உனக்குன்னு தனிப் பாதையே போட்டிருக்கேன்ல?"

"அந்தப் பாதைதாங்க நின்னுபோச்சு!"

இனி நடந்ததை என் மனைவி வாயால் கேட்க வேண்டும். எதுக்கும் சார் திரையில் பாதைப் பட்டியலைத் திறந்துவைத்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தாராம். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போயிருக்கிறாள்.

"சார், அந்தத் தனிப் பாதையை எடுத்துடுங்க. உங்க வீட்டு டிராஃபிக் எல்லாரோடயும் சேர்ந்து போயிடும்."

"எல்லாரோடயுமா? இன்டர்வியூவா? வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

"இப்ப மட்டும் என்ன சார் வாழுது? சரி, அந்த மாநாட்டை எடுங்க."

"அடுத்த மாநாடு வெச்சாங்கன்னா?"

"இதோ இந்தக் கம்பெனி. மூடியே போயிட்டாங்க சார்!"

"திரும்பத் திறந்தா?"

என் மனைவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லையாம். எதுக்கும் சாரின் விரல் ஒவ்வொரு பாதையின் மேலும் போய் நின்று, தயங்கி, அடுத்ததற்கு நகர்ந்தது. ஒன்றையும் அழுத்தவில்லை. பாவம், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது என்கிறாள். நான் நம்புகிறேன். மனிதர் கெட்டவரில்லை.

அதற்குள் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நெஞ்சோடு மடிக்கணினியை அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் மூச்சு வாங்க நின்றார்.

"அண்ணா, உங்க வீட்ல நெட் வருதா?"

"வருதே. கரடி ஆடிக்கிட்டு இருக்கே."

என் மகளின் பொம்மைப் படத்துக் கரடி ஒரு விக்கலும் இல்லாமல் குதித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். நான் அவர் புருஷனாக இருந்தால் அந்தப் பார்வை என்மேல் விழவேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். மகளை அள்ளிக்கொண்டு நான் அடுக்களைக்குள் ஒதுங்கினேன். ஒட்டுக்கேட்கவில்லை, வீடு சின்னது. மாடிப்படி எங்கே வரணும், காற்று எந்தப் பக்கம் நுழையணும் என்று மணிமணியாகப் பேசினார். இவரையா இத்தனை வருஷம் மாவு டப்பாவுக்குக் காவல் வைத்திருந்தார் இந்த மனிதர் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. "வரைபட வேலை, பெரிய மேசை வேணும். வீட்ல உங்களுக்குன்னு தனி ரூம் இருக்குங்களா? அது இல்லாம நாங்க யாரையும் எடுக்கறதில்ல."

எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடத்துக்கு நேர் கீழேதான் அந்தக் கடைசி அறை.

"இருக்கு சார்," என்றார். "ரெண்டு ஜன்னல் இருக்கு."

வேலை கிடைத்தது. சாயங்காலம் எதுக்கும் சார் வீடு திரும்பியபோது கடைசி அறையின் கட்டில் பாதி அறைக்கு வெளியே வந்திருந்தது. ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன இது? தம்பி வந்தா?"

"வந்தா கூடத்துல படுப்பாரு. வராத ஆளுக்கு ரூமு, இருக்கற ஆளுக்கு அடுப்படியாங்க?" சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த முனையப் பிடிங்க. அண்ணன் எவ்வளவு நேரம் தனியாத் தூக்குவாரு?"

பிடித்தார். வேறு என்ன செய்வார்? நடுக்கூடத்துக்கு வந்ததும், "கட்டிலைக் குடுத்துட வேணாம், எதுக்கும்…" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மீதியை விழுங்கிவிட்டார். திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? மூடிப்போன கம்பெனியின் பாதை இன்னும் முதல் தரத்தில்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். நல்லது. விருந்தாளிக்கென்று நீங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கோப்பைகளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நல்ல நாள் வரட்டும் என்று மடிப்புக் கலையாமல் கிடக்கும் சட்டையைப் பற்றியும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பல வருஷமாக ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, நீங்களும் "பார்க்கலாம், இப்ப இடமில்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை போய் எட்டிப் பாருங்கள். ஆள் இல்லையென்றால், அங்கே கிடக்கிற துண்டு யாருடையது என்று என்னிடம் வந்து விசாரிக்காதீர்கள்.