சுவிட்ச் அண்ணனின் கால் பெருவிரல்

மட்டாஞ்சேரியில் சுவிட்ச் அண்ணனைக் கேட்காமல் எரிவது சூரியன் மட்டும்தான். கல்யாணப் பந்தல், கோயில் உற்சவம், எதுவானாலும் லைட் அவருடையது. அவர் கட்டிய சீரியல் பல்பை வேறு யாராவது ஆன் பண்ணினால் அன்றைக்குத் தொலைந்தது. ஒரு மாப்பிள்ளை ஆசையாகச் சுவிட்சைத் தட்டிவிட்டார். அண்ணன் ஃப்யூஸைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு சாயா குடிக்கப் போய்விட்டார். தாலி கட்டியது மொபைல் வெளிச்சத்தில்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் மாசக்கணக்கில் ஆறவில்லை. இனியும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். விரல் போனால் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாத அண்ணனை எங்களால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மருந்தோடு சிவப்பு லைட் சிகிச்சையும் பார்க்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன்.

"எனக்கே லைட்டா? யாரு போடறது?"

"ஞான்தான் சேட்டா," என்றாள் சுள்ளிக்கல்லிலிருந்து வரும் நர்ஸ் ஷீஜா.

"அது நடக்காது."

கடைசியில் மெஷினை ஷீஜா சரிபண்ணுவாள், சுவரிலிருக்கும் சுவிட்சை அண்ணன் தட்டுவார் என்று முடிவானது.

அதோடு விட்டாரா மனுஷன்? "இத்தனூண்டு வெளிச்சத்துல என்னடா ஆறும்?" என்று வீட்டில் பந்தலுக்குப் போடும் ஹாலோஜனைக் காலுக்கு நேராக வைத்துக்கொண்டு டிவி பார்த்திருக்கிறார். சர்க்கரைக்காரர் கால், சுட்டதே தெரியவில்லை. புண்ணுக்குப் பக்கத்திலேயே கொப்புளம்.

டாக்டர் கத்தியதை அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. ஷீஜா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்: "அது சூடு சேட்டா, இது வெளிச்சம். லைட்காரனுக்கு வித்யாசம் தெரியாதா?"

அன்றைக்கே அண்ணன் வீட்டு ஹாலோஜனைக் கழற்றிப் பரணில் போட்டார். அப்புறமும் சுவிட்சை அவரே தட்டினார். ஆனால் ஷீஜா சொன்ன பிறகுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் புண் ஓரத்திலிருந்து சுருங்கி மூடிக்கொண்டது. மருந்தா, லைட்டா, சர்க்கரை இறங்கியதா என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. "லைட்டுதாண்டா."

அந்த வருஷ உற்சவத்துக்கு அவரே ஏணி ஏறி லைட் கட்டினார். சாயங்காலம் ஊரே காத்து நிற்கிறது. அண்ணன் போர்டு முன்னால் நின்றுகொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினார்.

"மோளே ஷீஜா, இங்கே வா. நீ போடு."

கோபுரம் வரைக்கும் குபீரென்று எரிந்தது. அண்ணன் அதைப் பார்க்காமல் வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தனை நாள் ஸ்கூட்டர் ஓட்டிய எனக்கு ஒரு குண்டு பல்பைக்கூடத் தட்டக் கொடுத்ததில்லை, பாவி மனுஷன். அந்தப் பத்து விரலோடும் நூறு வயசு இருக்கட்டும்.