நாலாம் நம்பரின் நோய்கள்

நாலாம் நம்பர் மறுபடியும் சுகுமாறனின் மேசைக்கு வந்திருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

அது ஒரு டிரிப் மெஷின். மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து நோயாளியின் நரம்புக்குள் அனுப்புவது அதன் வேலை. சிகாமட் நகரின் அந்தச் சிறிய தனியார் மருத்துவமனையில், 3ஏ மாடி வார்டில் இப்படி ஆறு மெஷின்கள் இருந்தன. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரே நாளில் வந்திறங்கியவை. தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததில் முதுகிலிருந்த கம்பெனி எண்கள் அழிந்துவிட்டன. இப்போது நெற்றியில் ஒட்டியிருந்த ஒன்று முதல் ஆறு வரையிலான ஸ்டிக்கர்தான் அவற்றுக்குப் பெயர், ஊர், ஜாதகம் எல்லாம்.

மற்ற ஐந்தும் தங்கமான மெஷின்கள். வருடம் முழுக்க ஒரு புகார்கூட இல்லை. நாலாம் நம்பருக்கு மட்டும் இருபத்திரண்டு.

"இன்னைக்கி என்ன வியாதி?" என்றான் சுகுமாறன்.

"ஸ்கிரீன் தெரியலண்ணே," என்றாள் தாதி மலர்.

"போன வாரம் கதவு மூடல. அதுக்கு முந்தின வாரம் அலாரம் நிக்கல. மனுஷனுக்கு இத்தன வந்திருந்தா மந்திரிச்சுக் கயிறு கட்டியிருப்பாங்க."

"கட்டிப் பாருங்கண்ணே. எங்களுக்கு சீக்கிரம் வந்தாப் போதும்லா."

பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் ஷிஃப்ட் வேலை பார்த்துச் சலித்துப்போய்ச் சுகுமாறன் இங்கே மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்திருந்தான். ஆறு மாதத் தகுதிகாண் காலம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. நிர்வாகி லக்‌ஷ்மன் அவனுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் வைத்திருந்தார்.

"வார்டுல ஒரு மெஷின மாத்த அனுமதி வந்திருக்கு. எதன்னு நீங்க சொல்லணும். சரியாச் சொன்னா வேலை நிரந்தரம். தப்பாச் சொன்னா, பாசிர் கூடாங் ஃபேக்டரி பஸ் எங்க நிக்கும்னு உங்களுக்கே தெரியும்."

சொல்வதற்கு ஒரு படிவம் இருந்தது. வயதுக்கு இத்தனை மதிப்பெண், பழுதுக்கு இத்தனை, உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் இத்தனை. எழுபதைத் தாண்டினால் மாற்றலாம். நாலாம் நம்பர் அறுபத்தெட்டில் நின்றது. சுகுமாறன் நேர்மையானவன், இரண்டைச் சேர்த்துப் போட அவனுக்குக் கை வரவில்லை. முடிந்தவரை காப்பாற்றிப் பார்ப்போம் என்று திரையைச் சரிசெய்தான். புதிய பேட்டரியும் போட்டு அனுப்பினான்.

எட்டாம் நாள் நாலாம் நம்பர் திரும்பி வந்தது. பேட்டரி நிற்கவில்லையாம். மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்தது பழைய, உப்பிய பேட்டரி.

அவன் வார்டுக்கு ஏறினான்.

"மலர், நான் போட்ட புது பேட்டரி எங்க?"

"நாங்க என்னண்ணே செய்யப் போறோம் அத வச்சு? சோத்துக்குத் தொட்டுக்கவா?"

யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு செய்தான். மறுபடி புதியது போட்டு, மூடியின் மேல் தன் கையெழுத்தோடு சிவப்புக் காகிதத்தை ஒட்டி அனுப்பினான். அடுத்த வாரம் நாலாம் நம்பர் வந்தபோது காகிதம் இல்லை. ஒட்டியிருந்ததற்கான பசைத் தடம்கூட இல்லை. திருடன் கைதேர்ந்தவன் என்று தெரிந்தது. சுகுமாறன் லக்‌ஷ்மனுக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தான்.

லக்‌ஷ்மன் விசாரிக்க வார்டுக்குப் போனார். அவர் ஏறிப்போன லிஃப்டிலேயே தலைமைத் தாதி சரோஜினி இறங்கி வந்து, சுகுமாறனின் அறை வாசலில் நின்றார்.

"என் வார்டுல திருடங்களா? பதினெட்டு வருசத்துல அங்க ஒரு பஞ்சு காணாமப் போனதில்ல, தெரியுமா?"

"சிஸ்டர், நான் யார் பேரையும் சொல்லல..."

"சொல்லாததுதான் தப்பு. இப்ப எல்லாரையும்தான சொன்ன மாதிரி ஆச்சு! இனிமே மெஷின் லேசா முனகுனாலும் எழுதி அனுப்பச் சொல்றேன். நீங்களே வச்சுத் தாலாட்டுங்க."

சொன்னபடி செய்தார். அந்த ஒரு வாரத்தில் ஐந்து புகார்கள் வந்தன. சக்கரம் கிறீச்சிடுகிறது, பொத்தான் அழுந்தவில்லை, வயர் தளர்ந்திருக்கிறது. ஐந்தும் நாலாம் நம்பர். சுகுமாறன் ஒவ்வொன்றையும் பிடிவாதமாகச் சரிசெய்து மேலே அனுப்பினான். ஆனால் புகார் புகார்தானே. படிவத்தில் கூட்டிப் பார்த்தபோது எண்பத்தொன்பது வந்தது. மனசாட்சி உறுத்தாமல் கையெழுத்திட்டான்.

கழித்த மெஷினை யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதனால் சாட்சி வைத்து உடைக்க வேண்டும். வார்டு மூலையில் நின்றிருந்த நாலாம் நம்பரை இறக்கிக் கொண்டுவந்தார்கள். கடைசியாக ஒருமுறை இயக்கிப் பார்த்தான் சுகுமாறன். ஒரு மணி நேரம், ஒரு சொட்டுகூடப் பிசகாமல் ஓடியது.

"பாருங்க, சாகுற நேரத்துல நடிக்குது," என்றார் லக்‌ஷ்மன்.

சுகுமாறன் ஸ்டிக்கரை உரித்தான். முனைகள் நைந்திருந்த அது, தொட்டதும் கையோடு வந்தது. பிறகு சுத்தியலை எடுத்தான். மூன்றாவது அடிவரை பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த திங்களன்று புதிய மெஷின் வந்தது. வெள்ளை உடல், பெரிய திரை. நாலாம் நம்பர் ஸ்டிக்கரைச் சுகுமாறனே அதன் நெற்றியில் ஒட்டினான். லக்‌ஷ்மன் படம் எடுத்துக்கொண்டார். சரோஜினிகூட, "இப்பத்தான் வார்டுக்குக் களை வந்திருக்கு," என்றார். மாலையில் வேலை நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே நடந்தான்.

நான்காம் நாள் காலை மேசையில் ஒரு புகார்ச் சீட்டு இருந்தது. 'நம்பர் 4. மோட்டார் சுற்றவில்லை.'

சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் படியேறி ஓடினான். புது மெஷின். நான்கே நாள். லக்‌ஷ்மன் காதில் விழுவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

வார்டு மூலையில் நாலாம் நம்பர் நின்றது. ஆனால் அது வெள்ளையாக இல்லை. ஒன்பது வருடப் பழுப்பேறிய பழைய மெஷின். திரும்பிப் பார்த்தான். எதிர்க் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர் நிம்மதியாகப் படுத்திருந்தார். அவர் கைக்கு மருந்து அனுப்பிக்கொண்டிருந்த புத்தம் புது மெஷினின் நெற்றியில் 'இரண்டு' என்று இருந்தது.

"யாரு இத மாத்துனது?" என்றான் சுகுமாறன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அங்கம்மா நிமிர்ந்தார்.

"அலமாக், இதுக்கா இப்படி ஓடியாந்தீங்க தம்பி? நாலுன்னா சாவு நம்பராம், சீன ஆளுங்க கையே நீட்ட மாட்டாங்க. அதான் எந்த மெஷின் கெட்டு ரோசாக் ஆனாலும் நம்பர மாத்தி, நாலு ஸ்டிக்கர உரிச்சு அதுல ஒட்டி மூலையில நிறுத்திருவோம், நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்தப்புறம் அடுத்தது கெடுற வரைக்கும் அது சும்மாதான் நிக்கும்... அன்னைக்கி சுத்தியால போட்டு ஒடச்சீங்களே, ஆறுலயும் அது ஒண்ணுதான் தம்பி நல்லா இருந்துச்சு."