பகடையைக் குளிப்பாட்டிய கதை

இனிமேல் வண்டலூருக்குப் போவதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

என் கஷ்டம் புரிய வேண்டுமானால் நீங்கள் செம்பாக்கத்தில் வீடு கட்டியிருக்க வேண்டும். ஊரிலிருந்து எந்த உறவு வந்தாலும் பெட்டியைக் கீழே வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இங்கேருந்து ஜூ எவ்வளவு தூரம் மாப்ளே?" அழைத்துப்போவது நான். வெயிலில் அவர்கள் குழந்தையைத் தோளில் சுமப்பதும் நான். அங்கே இருக்கிற நீர்யானை இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த முறை வரப்போவது என் மனைவி திரிபுரசுந்தரியின் சித்தப்பா கேசவன், சேலத்திலிருந்து, குடும்பத்தோடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் டிவியில் கிரிக்கெட் ஃபைனல்!

"முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே?" என்பீர்கள். உங்களுக்கு யார் சோறு போடுகிறார்களோ, எனக்குத் தெரியாது.

வழி காட்டியவன் என் மச்சினன் கிருபா. கிண்டியில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. சிங்கப்பூர் நண்பன் கொடுத்த ஏதோ விளையாட்டை ஹாலில் பரப்பி வைத்திருந்தான்.

"நீங்க ஒரு வீரன், மாமா. எதிர்ல பூதம். இந்த இருபது முகப் பகடையை உருட்டுங்க. பதினஞ்சோ அதுக்கு மேலயோ வந்தா வெட்டு விழும்."

"வரலைன்னா?"

"பூதம் உங்களைத் தின்னுடும். ஆனா உங்க கையில மந்திரவாள் இருந்தா, விழுந்த நம்பரோட ரெண்டு ப்ளஸ். கால்ல அடிபட்டிருந்தா மூணு மைனஸ்."

கூட்டல் கழித்தல் எதுவும் என் காதில் ஏறவில்லை. பகடை சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்பது மட்டும் ஏறியது. சமையலறையில் வதக்குகிற சத்தம் நின்றுபோயிருந்ததை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"சுந்தரி! வண்டலூர் விஷயத்தைப் பகடை தீர்மானிக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில உருட்டுவேன். பதினஞ்சு வந்தா நான் வரமாட்டேன்."

"சரிங்க."

சரியா! இவள் எதற்கும் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. தாலி கட்டப் போனபோதே "கொஞ்சம் இருங்க, பூ சிக்கிக்கிச்சு" என்றவள். எனக்குப் பகீரென்றது. அக்காவும் தம்பியும் கூட்டு. பகடைக்குள் ஒரு பக்கம் ஈயம் வைத்திருக்கிறார்கள்!

விடுவேனா? திங்கட்கிழமை சாயங்காலம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பகடை மிதக்கிறவரை கல்லுப்பைக் கொட்டிக் கரைத்தேன். ஒரு பக்கம் கனம் இருந்தால் எப்படிச் சுண்டினாலும் ஒரே நம்பர்தான் மேலே வரும். சுண்டினேன். ஏழு. இன்னொரு சுண்டு. பத்தொன்பது.

"சுந்தரீ! உனக்கு போன்!" என்று காம்பவுண்ட் சுவருக்கு மேல் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ஹில்டா அக்கா. எங்கள் தெருவில் போன் இருப்பது அவர் வீட்டில்தான். சுந்தரி ஓடினாள். நான் தலை நிமிரவில்லை; பகடை அப்போதுதான் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்னங்க, பகடையைக் குளிப்பாட்டுறீங்களா?"

"எதுக்குச் சிரிக்கிறே?"

"சும்மாத்தான்."

மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து சிரிக்கிறாள், எனக்கா தெரியாது?

"ஏங்க, வெறுமனே உருட்டினா உங்களுக்குப் பதினஞ்சு விழறது கஷ்டம். பார்த்தா பாவமா இருக்கு. கிருபா சொன்னானே ப்ளஸ்ஸு மைனஸ்ஸு, அதையும் சேர்த்துக்கலாம்."

"என்கிட்ட மந்திரவாள் ஏது?"

"அரிவாமணை இருக்கே! வெங்காயம் அரிஞ்சா ஒரு ப்ளஸ். லாரித் தண்ணி பிடிச்சா ரெண்டு. தொட்டி கழுவினா மூணு."

"மைனஸ்?"

"ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டா ஒண்ணு போயிடும்."

ஒரு ப்ளஸ்ஸுக்கு ஒரு புளியங்கொட்டை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தாள். நான் மாடாக உழைத்தேன். அழுதுகொண்டே வெங்காயம் அரிந்தேன். தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டினேன். தண்ணி லாரி வரிசையில் நின்ற எங்கள் தெருக் கிளியம்மாள் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"இன்னா சார், நீ வந்துகீற? வூட்ல அக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்லம்மா. ஒரு பூதத்தைக் கொல்லணும்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள்.

தினமும் காலையில் எழுந்ததும் கொட்டைகளை எண்ணிப் பார்ப்பேன். ராத்திரி இருந்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை. சுந்தரி திருடவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

ஞாயிறு வந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று உருட்டினேன். மூன்று! பாட்டிலைக் கவிழ்த்தேன். மைனஸ்ஸெல்லாம் போக மிச்சம் பன்னிரண்டு கொட்டை. மூன்றும் பன்னிரண்டும் பதினைந்து!

"விழுந்துது வெட்டு! வண்டலூர் போகமாட்டேன்!" என்று குதித்தேன். கட்டில் காலில் இடித்துக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லதுங்க. உக்காந்து மேட்ச் பாருங்க."

ஒரு முணுமுணுப்பு இல்லை. முகம் கோணவில்லை.

"உங்க சித்தப்பாவை யார் கூட்டிட்டுப் போறது?"

"அவர் எங்கே வர்றார்? லீவு கிடைக்கலைன்னு திங்கக்கிழமையே போன் பண்ணிட்டாரே. நீங்க அப்போ பகடையைக் குளிப்பாட்டிட்டு இருந்தீங்க."

"அடிப்பாவி! ஏன் சொல்லலை?"

"நீங்க எங்கே என்னைக் கேட்டீங்க? பகடையைத்தானே கேட்டீங்க? தொட்டி வேற கழுவி ரொம்ப நாளாச்சு."

சொல்லிக்கொண்டே கொட்டைகளை வாரிக் குப்பையில் போட்டாள்.

"ஏய், என் ப்ளஸ்ஸு!"

"உருட்டியாச்சுல்ல, செலவாயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க பெரியம்மா வர்றாங்க, பேரப்பிள்ளைங்களோட. பாவம், அவங்க ஜூவையே பார்த்ததில்லையாம்."

பெரியம்மா நிஜமாகவே வருகிறாளா? எனக்குப் பலத்த சந்தேகம். ஆனால் தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரெண்டு ப்ளஸ் ஆயிற்றே!