பள்ளிக்கூட பஸ்ஸுக்கு உடைத்த பூசணிக்காய்

பெரிய மனுசனிடம் ஒரு வேலை சொல்லும்போது, "இதை மட்டும் செஞ்சா போதும்" என்று சொல்லக் கூடாது. அந்த ‘மட்டும்’ அவனை உள்ளுக்குள் கடித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவுதானா நம்ம தகுதி என்று தோன்றும். பிறகு அவன் செய்கிற காரியத்துக்கு அவன் பொறுப்பில்லை.

நான் பெரிய மனுசன்தான். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பாம்பன் கரையில் ஐஸ் உடைத்தேன். கூடையில் மீன் சுமந்தேன். இன்றைக்கு அக்காள்மடத்தில் மெயின் ரோட்டு ஓரத்திலேயே சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். மூன்று மீன் லாரி ஓடுகிறது. (ஒன்று எப்போதும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கும். அதையும் சேர்த்துத்தான் மூன்று.)

என் கூடப் பிறந்தவர்களில் கடைசி சுமதி. அய்யா செத்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தோளில் போட்டு வளர்த்தது நான். நர்ஸுக்குப் படிக்க வைத்தது நான். கட்டிக் கொடுத்தது நான். (இந்த மூன்று ‘நான்’களில் முதல் ‘நான்’ என் வாயிலிருந்து வரும்போதே அவள் தண்ணி குடிக்க எழுந்து போய்விடுவாள்.) அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் கழித்துப் பிறந்தவள் யாழினி. எனக்கு இரண்டு பயல்கள், இரண்டு பேரும் சிங்கப்பூரில். தாய்மாமன் என்று சீர் தூக்கிக்கொண்டு போக எனக்கு இருந்தது இந்த ஒரு வீடுதான்.

காது குத்துக்கு என் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தார்கள். சீர்த்தட்டெல்லாம் என் லாரியிலேயே வந்து இறங்கியது. மைசூர்பாகில் மீன் வாடை அடித்தது என்று மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அடித்தது உண்மைதான். ஆனால் ஒரு தட்டுகூட மிச்சமாகவில்லை, அதை ஏன் சொல்லவில்லை?

ஆனால் பிள்ளையை ராமேஸ்வரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்த சேதி எனக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. டீ ஆற்றுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, தாய்மாமனுக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டேன். சுமதி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சொன்னா மேளம் பிடிப்பீக அண்ணே."

நான் திரும்பி வந்துவிட்டேன். (மேளக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.)

அப்புறம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அவளே ஐஸ் கம்பெனிக்கு வந்தாள். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. இவளுக்கு ஆஸ்பத்திரியில் காலை டூட்டி, விடிந்ததும் கிளம்ப வேண்டும். பிள்ளையைப் பஸ் ஏற்றுவதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா கமுதிக்குத் துக்கம் கேட்கப் போய்விட்டது. ஆக மொத்தம், எல்லாரும் இல்லை என்றான பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது.

"எட்டு மணிக்கு பஸ்ஸு இங்கனயே நம்ம கம்பெனி வாசல்ல நிக்கும். கையப் பிடிச்சு ஏத்தி விட்டா மட்டும் போதும். வேற ஒண்ணும் செய்யாதீக" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். அதான் சொல்றேன்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "இது நல்லபடியா நடந்துச்சுன்னா தினமும் நீங்களே ஏத்தி விடுங்க அண்ணே. நான் வேற ஆளு தேடல."

ஐஸ் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து என்னைத் தலைவராக்குகிறோம் என்றபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. தினமும் காலையில் அந்தப் பிஞ்சு விரல் என் கைக்குள் வரும். ஊரே பார்க்கும். இதைவிட என்ன பதவி வேண்டும்?

அன்றைக்கே பிள்ளையைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டுக்குள் பிளாஸ்டிக் சேரை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரச் சேர் அவளுக்கு. பக்கத்துச் சேரில் பொம்மை. கையை வெளியே நீட்டாதே என்று பொம்மைக்கு அதட்டல் வேறு. பயம் என்பது அந்த முகத்தில் ஒரு சொட்டு இல்லை. என்னைக் கடைசிச் சேரில் உட்கார வைத்தாள். நான் சரியாக உட்காருவதற்குள், "மாமா, ஒன் ஸ்டாப்பு வந்திருச்சு, எறங்கு" என்றாள். கையைப் பிடித்து இறக்கியும் விட்டாள். அதற்குப் பிறகு எத்தனை ஸ்டாப் வந்தாலும் என்னைத் திரும்ப ஏற்றவில்லை.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? என் லாரி ஒவ்வொன்றும் முதல் ஓட்டம் கிளம்பியபோது என்னென்ன செய்தோம்! முகப்புக்கு மாலை, கண்ணாடிக்குச் சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், சூடம் காட்டிப் பூசணிக்காய், கடைசியில் சரவெடி. ஐஸையும் நண்டையும் ஏற்றுகிற வண்டிக்கே அவ்வளவு மரியாதை. என் தங்கச்சி பிள்ளை முதல்முதலாக ஏறுகிற வண்டி மொட்டையாகப் போவதா?

என் கம்பெனியில் வேலை பார்க்கும் முனியசாமியிடம் எல்லாவற்றையும் வாங்கச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "மொதலாளி, அது நம்ம வண்டி இல்லையே."

"ஏலே, பிள்ளை நம்ம பிள்ளைலே" என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். எனக்குப் பதில் சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதுதான் என் வாழ்க்கையில் நடந்த பல கேடுகளுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

காலையில், சுமதி எங்கள் வீட்டில் விட்டுப்போன பிள்ளை கம்பெனி வாசலில் வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட பாவாடை, இரட்டைச் சடை, கழுத்தில் அடையாள அட்டை. என் விரலைப் பிடித்துக்கொண்டாள். முனியசாமி கையில் ரோஜா மாலையைப் பார்த்துவிட்டு அது யாருக்கு என்று கேட்டாள். பஸ்ஸுக்கு என்றேன். கொஞ்ச நேரம் மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏத்தி விட்டுட்டு நீ போயிருவேல்ல மாமா?"

போய்விடுவேன் என்று தலையை ஆட்டினேன்.

பஸ் வந்தது. பச்சைச் சேலை கட்டிய ஆயா இறங்கி வந்து பிள்ளை கையைப் பிடித்தது. அதோடு என் வேலை முடிந்தது. சுமதி சொன்ன ‘மட்டும்’ அந்த இடத்தில் சுத்தமாக நிறைவேறிவிட்டது. அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதுகிற வேலையே இருந்திருக்காது.

நான் பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கி நின்றேன்.

மாலையைப் போட்டேன். அது லாரி அளவுக்குக் கட்டிய மாலை, பஸ் கண்ணாடியில் பாதியை மறைத்துவிட்டது. முனியசாமி குனிந்து குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தான். டிரைவர் நேரமாகிறது என்று தலையை நீட்டிச் சொன்னார். "ஒரு நிமிசம் தம்பி, உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். சூடத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி, என் பலம் முழுவதையும் கொண்டு பூசணிக்காயைத் தார் ரோட்டில் அடித்தேன். உள்ளே குங்குமத்தை நானே கையால் திணித்திருந்தேன், கொஞ்சம் தாராளமாகவே. அது ஆயாவின் சேலையிலும் யாழினியின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் கைதட்டினார்கள். (அந்தக் கைதட்டுதான் என்னைக் கெடுத்தது.) பின்னால் ராமேஸ்வரம் போகும் யாத்திரை பஸ் ஒன்று நின்றது. அதிலிருந்த வடக்கத்தி அம்மா ஒருத்தி, இங்கே ஏதோ கோயில் காரியம் நடக்கிறது என்று நினைத்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்தேன். அந்த மிதப்பிலேயே முனியசாமிக்குச் சாடை காட்டினேன்.

சரவெடியை பஸ்ஸுக்குப் பின்னால் கம்பெனிச் சுவர் ஓரமாகத்தான் விரித்திருந்தான். ஆனால் ஜூன் மாதத் தென்காற்றைப் பற்றிக் கரையிலேயே பிறந்து வளர்ந்த நான் யோசிக்கவில்லை. புகை மொத்தமும் பஸ் ஜன்னலுக்குள் போனது. முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவை பாதி, அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவை பாதி. எல்லாம் ஒரே குரலாக ஆரம்பித்தன. டிரைவர் வெடியிலிருந்து தப்பிக்க வண்டியை முன்னால் எடுத்தார். முன்னால் பார்க்கலாம் என்றால் கண்ணாடியில் என் மாலை. சக்கரம் பூசணிக்காய்ச் சதையில் ஏறி வழுக்கி, தார் ரோட்டைவிட்டு இறங்கி, ஓரத்து மணலில் புதைந்து நின்றது.

ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

வெடித்து முடிந்து புகை கலைந்த பிறகுதான் யாழினியைப் பார்த்தேன். ஆயா அவளை இழுத்துக் கம்பெனி வாசலில் நிறுத்தியிருந்தது. சட்டையெல்லாம் சிவப்பு. பாவாடை நனைந்து, சாக்ஸ் நனைந்து, காலடியில் சின்னதாக ஈரம். பஸ் ஜன்னலில் ஒரு பயல் அதைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான். அவ்வளவு நேரம் அழுத அத்தனை பிள்ளைகளும் சிரித்தன. யாழினி அழவில்லை. அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினேன். ஆயா குறுக்கே வந்தது.

"நீங்க யாரு?"

"தாய்மாமன்."

"கார்டுல அம்மா அப்பா படம்தான் இருக்கு." ஆயா குனிந்து பிள்ளையிடம் கேட்டது. "பாப்பா, இவுக யாரு ஒனக்கு?"

பஸ் முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாழினி என் முகத்தைப் பார்த்தாள். கையில் சூடக் கரி, நெற்றியில் சந்தனம், சட்டையில் பூசணி விதை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"தெரியல."

என் மடியில் காது குத்திய கதையை ஆயாவிடம் சொன்னேன். டிரைவரிடம் சொன்னேன். யாத்திரை பஸ்காரர்களிடமும் சொன்னேன், அவர்களுக்குத் தமிழே தெரியாது. டீக்கடைக்காரன் வந்து, "இவுகள எனக்குத் தெரியும்" என்று சாட்சி சொன்னான். ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. ஆயா அதையெல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைதான் சொல்ல வேண்டும் என்று கையை விடாமல் நின்றது. அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டது.

அதற்குள் பஸ்ஸை மணலிலிருந்து இழுத்தாக வேண்டும். என் லாரிதான் இழுத்தது. என் கயிறு, என் ஆட்கள். (இதையும் யாரும் சொல்வதில்லை.) லாரியிலிருந்து மீன் தண்ணி ஒழுகியது, பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் மேலே ஏறியதும் டிரைவர் இறங்கி வந்தார். மாலையைக் கழற்றி என் லாரிக்குப் போட்டுவிட்டுப் போனார்.

சுமதி நர்ஸ் உடுப்போடு ஸ்கூட்டரில் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்க் கழுவி, வேறு கவுன் மாற்றினாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். பிள்ளை ஜன்னல் சீட்டு காலியாக இருக்கிறதா என்று கேட்டது. இருந்தது. தானே படியில் ஏறியது. பஸ் போய்விட்டது.

ரோட்டில் நானும் சுமதியும் பூசணிக்காயும் மிச்சம்.

"சின்னப் பிள்ளை தாயி. பயத்துல தெரியலன்னு சொல்லிருச்சு" என்றேன்.

சுமதி என் தோளில் ஒட்டியிருந்த விதையைத் தட்டிவிட்டாள். "பயத்துல சொல்லல அண்ணே. வெக்கத்துல சொல்லுச்சு." ஸ்கூட்டர் சாவியைத் திருகினாள். "நான் ஆறாவது படிக்கையில மீன் கூடையோட பள்ளிக்கூட வாசல்ல வந்து நின்னீகளே. வாசல்ல நிக்கிறது யாருன்னு டீச்சர் கேட்டாக. நானும் அதான் சொன்னேன்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவள் வெளியே வரவே இல்லை. பாடம் நடக்கிறது போல என்று நினைத்து வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தங்கச்சிக்குப் படிப்பில் எவ்வளவு கவனம் பார் என்று அன்றைக்கு ஊரெல்லாம் பெருமை அடித்தேன்.

மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மாதான் பிள்ளையைப் பஸ் ஏற்றுகிறது. நிறுத்தத்தையும் என் கம்பெனி வாசலிலிருந்து தள்ளி டீக்கடைக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால்கூட, "மாமாகிட்டச் சொல்லாதீக, பூசணிக்கா ஒடைச்சிருவாரு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து என் பயல்கள் போனில் சிரிக்கிறார்கள். என் பொஞ்சாதி கல்யாண வீடுகளில் இதை நடித்தே காட்டுகிறாள், அந்த வடக்கத்தி அம்மா கும்பிட்டதையும் விடாமல். நானும்தான் சிரிக்கிறேன்.

யாழினி இப்போது மூன்றாம் வகுப்பு. நான் எட்டிய வகுப்பு அதுதான், அடுத்த வருசம் என்னைத் தாண்டிவிடுவாள். வீட்டில் என்மேல் உயிராகத்தான் இருக்கிறாள். மாமா மாமா என்று தோளில் ஏறுவாள், கம்பெனிக்கு வந்து ஐஸ் கேட்பாள், ரோட்டில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட பிள்ளை யாராவது தெரிகிற வரைக்கும்.

காலையில் அந்த பஸ் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். வேலை இருந்தாலும் சரி. டிரைவர் என்னைக் கண்டதும் ஹாரன் அடிப்பார். பஸ் நிறைய பிள்ளைகள், நான் யார் என்றே தெரியாத பிள்ளைகள், "வெடி மாமா, வெடி மாமா" என்று கத்திக்கொண்டு போவார்கள். நானும் கையை ஆட்டுவேன்.

முறைப்படி மாமா என்று கூப்பிட வேண்டியவள் ஜன்னலோரம்தான் இருப்பாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. வெறும் கருவேல முள்தான்.